குப்புறப் படுக்கும் வாட்ச்

பழைய மாடலைப் பார்த்துச் செய்த புது வாட்ச் என்றாலே எனக்கு அலர்ஜி. போன மாதம் செய்த டயலில் அறுபது வருஷப் பழுப்பை டீக்கறை நிறத்தில் பூசி, அதற்குத் தனி விலை. புது ஜீன்ஸைக் கிழித்து விற்கிற அதே வேலை.

ஆனால் ஜெகர் லகூல்ட்ர் என்ற சுவிஸ் கம்பெனியின் ரிவர்ஸோ வாட்ச் மேல் மட்டும் அந்தக் கோபம் வரமாட்டேன் என்கிறது. அது பிறக்கக் காரணமே நம்ம ஊர் மைதானம்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் போலோ ஆடிய ராணுவ அதிகாரிகளுக்கு மட்டை பட்டோ பந்து பட்டோ வாட்ச் கண்ணாடி நொறுங்கிக்கொண்டே இருக்க, அந்தப் புலம்பல் செசார் டி ட்ரே என்ற சுவிஸ் வாட்ச் வியாபாரியின் காதில் விழுந்ததாம். 1931 மார்ச்சில், அதற்குத் தீர்வாகப் புரட்டும் வாட்சை வடிவமைத்த ரெனே-ஆல்ஃப்ரெட் ஷோவோ என்ற பிரெஞ்சு எஞ்சினியர் பாரிஸில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கேஸை, அதாவது வாட்சின் உலோகக் கூட்டை, பக்கவாட்டில் தள்ளிப் புரட்டினால் போதும், டயல் மணிக்கட்டைப் பார்த்துக் குப்புறப் படுத்துக்கொள்ளும், அடி வாங்க வெறும் எஃகு முதுகு மேலே வந்துவிடும்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்து எல்லாரையும் சாய்த்தபோது இதுவும் செத்திருக்கும். ஜார்ஜோ கோர்வோ என்ற இத்தாலிய வியாபாரி மிச்சம் கிடந்த 200 கேஸ்களை வாங்கி விற்றுக் காட்டினார், அதற்கப்புறம்தான் கம்பெனிக்கே புத்தி வந்தது.

இப்போது வரும் ரிவர்ஸோ ட்ரிபியூட் மாடலில் 1931 கேஸின் மேலும் கீழும் ஓடும் மும்மூன்று கோடுகள் அப்படியே இருக்கின்றன. உள்ளே சாவி கொடுக்கிற எந்திரம். கண்ணாடி மட்டும் சஃபையர், லேசில் கீறல் விழாது. சரி, நாமும் போலோ ஆடுவதில்லை, அப்படியென்றால் புரட்ட வேண்டிய அவசியமே இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் இங்கே பழசிலிருந்து எடுத்துக்கொண்டது கறையை அல்ல, ஒரு வேலையை. அந்த வேலையை இன்னும் செய்கிறது, ஏமாற்றவில்லை.

எனக்குப் பிடிக்காதது டியோஃபேஸ் என்ற ரிவர்ஸோ மாடல். 1994-இல் முதுகிலும் ஒரு டயல் வைத்து இன்னொரு ஊர் நேரம் காட்டினார்கள். ஒரே எந்திரம் இரண்டு பக்கமும் முள்ளை ஓட்டுகிறது, கெட்டிக்கார வேலை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் கண்ணாடி! போலோ ஆடப் போனால் எது உடையட்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை கடையில் எஃகு முதுகுள்ளதைக் கட்டிப் பார்த்தேன். திருப்பி முடிக்கையில் சின்னதாக ஒரு 'க்ளிக்'. நாலைந்து தடவை புரட்டினேன். விலை பல லட்சம். விற்பனைப் பையன் பொறுமையாகச் சிரித்துக்கொண்டே, "முதுகில் பேர் பொறிச்சுக்கலாம் சார்" என்றான். என் பேரை விடு தம்பி, அந்த முதுகில் ஒரு நல்ல கீறலாவது விழணும்.