டைசனுக்குப் பேய்

(இடம்: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம், சாட்ஸ்வர்த். சாவித்திரி அக்கா வீட்டுச் சமையலறை. தயாளன் பக்கத்து வீடு.)

தயாளன்: அக்கா, ஊறுகாய் பாட்டில். கழுவித்தான் கொண்டுவந்தேன். பிரமாதமான ஊறுகாய். அப்புறம்... பேய் ஓட்டுகிற ஐயா யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

அக்கா: யாருக்கு?

தயாளன்: டைசனுக்கு.

அக்கா: அந்த லாப்ரடார் நாய்க்கா?

தயாளன்: சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும் அக்கா. கண் ஒரு மாதிரி விரிகிறது. முதுகைக் கூனிக்கொண்டு வீட்டையே பதினைந்து சுற்று. சோபாவில் ஏறும், இறங்கும், மறுபடி சோபா. யாரோ துரத்துகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை!

அக்கா: பகலெல்லாம் எங்கே இருக்கிறது?

தயாளன்: கேட்டுக்குள்ளேதான்.

அக்கா: நேற்று?

தயாளன்: கேட்டுக்குள்ளே.

அக்கா: ஞாயிற்றுக்கிழமை?

தயாளன்: பீச்சுக்குப் போனோம்.

அக்கா: அதையும் கூட்டிக்கொண்டா?

தயாளன்: வண்டியில் மணல் ஒட்டும் அக்கா. புது பக்கி, பின்னால் திறந்த வண்டி.

அக்கா: அப்படியானால் பேய் டைசனைப் பிடிக்கவில்லை.

தயாளன்: நானும் முதலில் கண் திருஷ்டி என்றுதான் நினைத்தேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தை மூன்று தரம் சுற்றி, தெருவில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். படியில் கால் வைப்பதற்குள் காலடியில் எலுமிச்சம்பழம்!

அக்கா: கேட்டைச் சாத்தவில்லையா?

தயாளன்: இல்லை. டைசன் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. மறுபடி எறிந்தேன். மறுபடி கொண்டுவந்தது. பதினோரு தரம். கழித்த திருஷ்டி பதினோரு தரம் வீட்டுக்குள் வந்துவிட்டது அக்கா.

அக்கா: அன்றைக்கு ராத்திரி பேய் வந்ததா?

தயாளன்: அதுதான் ஆச்சரியம். கட்டை மாதிரி தூங்கியது. எலுமிச்சை நன்றாக வேலை செய்கிறது என்று அதற்கப்புறம் இரண்டு நாளுக்கு ஒன்று சுற்றிப் போடுகிறேன்.

அக்கா: வேலை செய்தது எலுமிச்சை இல்லையடா, ஓட்டம்! லாப்ரடார் ரிட்ரீவர் என்று பேரிலேயே போட்டிருக்கிறதே. ரிட்ரீவர் என்றால் எடுத்துவருகிறவன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களுக்கு வலைக்கயிறும் நழுவிய மீனும் எடுத்துவந்த நாய்களின் வம்சம். அப்புறம் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், சுட்ட வாத்தை எடுத்துவரப் பழக்கினார்கள். வாத்தின் மேல் ஒரு பல் படாது. அது அதன் குலத்தொழில். நீ திருஷ்டியை எறிந்தால் என்ன, திருவோட்டை எறிந்தால் என்ன!

(அக்காவின் பேத்தி ஒண்டர்ஸ்டபோர்ட்டில் மாட்டு டாக்டர், நாய் டாக்டர் எல்லாம் சேர்ந்த படிப்பு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்து போனால் பாதிப் பாடம் இந்தச் சமையலறையில் தங்கிவிடும்.)

தயாளன்: நான் காவலுக்கு வாங்கினேன் அக்கா. எட்டாயிரம் ராண்ட்.

அக்கா: திருடன் வந்தால் செருப்பை எடுத்துக் கொடுக்கும்.

தயாளன்: அதனால்தான் குத்துச்சண்டைக்கார டைசன் பேரை வைத்தேன்.

அக்கா: ஐந்து கம்பி மின்வேலி, நாலு கேமரா, கூப்பிட்டால் துப்பாக்கியோடு வருகிற கம்பெனிக்கு மாதாமாதம் பணம். நாய்க்கு ஒரு கயிறு வாங்கினாயா?

தயாளன்: வாங்கினேன். தின்றுவிட்டது.

அக்கா: வெட், நாய் டாக்டர், என்ன சொன்னார்?

தயாளன்: தினமும் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும், நொறுக்குத்தீனி கூடாது, இடுப்பே தெரியவில்லை என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா: இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

தயாளன்: சாப்பாடு அதிகமில்லை அக்கா. புரட்டாசி முழுக்க அதற்கும் பருப்பு சாதம்தான். அந்தப் பசியில்தான் ஏதாவது உள்ளே புகுந்துவிட்டதோ?

அக்கா: அதன் பசி புரட்டாசி பார்க்காது. நாலு லாப்ரடாரில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று சொல்கிற மரபணுவில் ஒரு துண்டே இல்லையாம். 2016-இல் கேம்பிரிட்ஜ்காரர்கள் கண்டுபிடித்தது. அது சாப்பாடு வேண்டாம் என்றால்தான் நீ பயப்பட வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார். வெளுத்திருந்தால், மூத்திரம் சிவந்திருந்தால், உண்ணிக் காய்ச்சல். பிலியரி. அன்றைக்கே வெட்டிடம் ஓடு, எலுமிச்சையோடு நிற்காதே.

தயாளன்: தோட்டம் பெரிது அக்கா. அதிலேயே ஓடக்கூடாதா?

அக்கா: உன்னை ஒரு கூடத்தில் விட்டு, இங்கேயே ஓடு என்றால் ஓடுவாயா?

தயாளன்: எங்கே விட்டாலும் ஓட மாட்டேன்.

அக்கா: தெரியுமே. முனைக்கடை முந்நூறு மீட்டர், ரொட்டி வாங்கப் பக்கி! அறுபதுகளில் நிறவெறி அரசு எங்களை இங்கே கொண்டுவந்து போட்டபோது அம்மா இந்த மேட்டைக் கூடையோடு ஏறி இறங்கினாள். தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று அவளுக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுவர், சுவருக்குப் பின்னால் ஒரு நாய், நாய்க்குப் பின்னால் ஒரு மனுஷன். மூன்றும் வெளியே வருவதில்லை. அதில் குரைக்கிறது மட்டும்தான் நாய்.

தயாளன்: பயம் அக்கா. காலம் அப்படி.

அக்கா: பயம் இருக்கட்டும். நாலு பேர் சேர்ந்து விடியற்காலை ஐந்தரைக்கு நடங்கள். வெயில் ஏறினால் தார் அதன் பாதத்தைச் சுட்டுவிடும். நானும் வருகிறேன், முட்டிதான் கொஞ்சம்... சரி, வருகிறேன்.

தயாளன்: அப்போ எலுமிச்சை வேண்டாமா? இப்போதுதான் அது எடுத்துவர முடியாத இடம் ஒன்று கண்டுபிடித்தேன்.

அக்கா: எந்த இடம்?

தயாளன்: தெருவில் எறிந்து எறிந்து கை வலித்ததும், கடைசியாக அது கொண்டுவருவதை வாங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிடுவேன்.

அக்கா: எந்தச் சுவர்?

தயாளன்: மாமரம் இருக்கிற சுவர்.

(ஜன்னலுக்கு வெளியே அக்காவின் மாமரம். இந்தத் தெருவில் வேறு மாமரம் கிடையாது.)

அக்கா: எத்தனை பழம்?

தயாளன்: பத்து, பன்னிரண்டு இருக்கும்.

அக்கா: நான் குரங்கு கொண்டுவந்து போடுகிறது என்று நினைத்தேன். ஒரு பல் கூடப் படவில்லையே, நல்ல குரங்கு என்று நினைத்தேன்.

தயாளன்: பொறுக்கி எடுத்தீர்களா? என்ன செய்தீர்கள்?

(அக்கா மேசையில் இருந்த காலிப் பாட்டிலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.)

தயாளன்: அக்கா... முழு பாட்டிலையும் நான் ஒருத்தன்தான் தின்றேன்.

அக்கா: டைசன் எடுத்துவராததை நான் எடுத்துவந்து கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.