பேஸை அணைத்துவிட்டு அஞ்சலியா?

சனிக்கிழமை கும்பகோணத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். பழைய ராக் குழுக்களுக்கு அஞ்சலி என்று பேனர் கட்டிவிட்டு, இரண்டாவது பாட்டிலேயே, தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் ஃபேடரை, அதாவது மிக்சரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபொத்தானை, சவுண்ட்காரர்கள் அடியோடு இறக்கிவிட்டார்கள். கேட்டால் "ஒரே இரைச்சல்" என்கிறார்கள்.

அந்த இரைச்சல் கிட்டாரிலிருந்து வந்ததில்லை. மேடைக்கு ஒரு கரண்ட், மிக்சருக்கு இன்னொரு கரண்ட் என்று எடுத்தால் எர்த் சுற்றிக்கொண்டு 50 ஹெர்ட்ஸில் உறுமும். கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், கேபிளின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அதை ஈக்வலைசரில், அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில், வெட்டப் போனால்தான் வம்பு. பேஸின் ஈ கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தினால் வரும் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். உறுமலை வெட்டும்போது அந்த ஸ்வரமும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்று, மைக் சேனலில் இருக்கும் லோ கட் பொத்தான். அது 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். பேஸின் திறந்த கம்பிகள் ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98. பாடகருக்கு அழுத்திய பொத்தானை பேஸுக்கும் அழுத்தி வைத்துவிட்டு "பேஸ் கேட்கவே இல்லையே" என்றால் எப்படிக் கேட்கும்? பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸை டிஐ இல்லாமல் நேராக மிக்சரில் சொருகினாலும் ஒலி மங்கிச் சோர்ந்துதான் வரும்.

"கீபோர்டுக்காரர் இடது கையில் வாசித்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். மெல்லிசை மேடைகளில் அப்படி அருமையாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இது அஞ்சலி. அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் விரலால் வாசிப்பவர், அதுவும் தட்டையான சுற்று உள்ள ஃப்ளாட்வவுண்ட் கம்பியில். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் ரிக்கன்பேக்கர் பேஸை பிக்கால், அதாவது கையில் பிடிக்கும் சிறு வில்லையால், வாசித்தவர். இருவர் ஒலியும் வேறு வேறு. கீபோர்டில் ஒரே "பேஸ்" டோனைப் போட்டுவிட்டு இருவருக்கும் அஞ்சலி என்றால் அது யாருக்கான அஞ்சலி?

பேஸில் பாதி வேலை, ஸ்வரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான். டிரம்ஸில் ஸ்நேர் அடி விழும் அந்த இடத்தில் இடது கை அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். விரல் கம்பியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். முழுதாக எடுத்தால் திறந்த கம்பி பேசிவிடும். டிரம்ஸுக்கு அந்த இடைவெளி கிடைத்தால்தான் பாட்டு நடக்கும். அதைச் செய்துகொண்டிருந்த கைக்குத்தான் அன்றைக்குக் குரலே இல்லாமல் போனது.

"ரசிகருக்குத் தெரியவா போகிறது?" தெரியும். நாகஸ்வரக் கச்சேரியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒத்துக்காரர் பெயர் நோட்டீஸில் வராது. ஆனால் ஒத்து ஒரு நொடி நின்றால் தஞ்சாவூர் ஜில்லாவில் திண்ணையில் இருக்கிற தாத்தா கூடத் திரும்பிப் பார்ப்பார். இந்த மண்ணில் கேட்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

மார்கழிப் பனியில் திறந்தவெளி மேடை என்றால் பேஸின் கழுத்து வளைகிறது, கம்பி துருப்பிடிக்கிறது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவதில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் சரிசெய்துவிட்டுத்தான் வாசிப்பவர் மேடை ஏறுகிறார். அத்தனையும் ஒரு ஃபேடரில் போய்விட்டது. பேனரில் பாடகர் பெயர், லீட் கிட்டார் பெயர், டிரம்ஸ் பெயர் எல்லாம் இருந்தது. பேஸ் வாசித்தவர் பெயர் அதிலும் இல்லை. சம்பளக் கவரும் கடைசியாகத்தான் அவர் கைக்கு வந்தது.