உப்பளத்துக்கு ஆள் வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை

உப்பளத்துக்கு ஆள் கிடைக்காததைப் பற்றி ஒருவர் பேசும் அந்த வீடியோவை இதுவரை ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். "தூத்துக்குடிக்காரன் சோம்பேறி ஆயிட்டான், அதான் வடக்கேயிருந்து ஆள் கூப்பிடுறோம்." உப்பு வாரும் வாருபலகையை ஒரு நாள் பிடித்திருந்தால் அவர் வாயில் இந்த வார்த்தை வந்திருக்காது.

உப்பு தானாக விளைவதில்லை. மழை ஓய்ந்ததும் சேறு அள்ளி, பாத்தித் தரையை மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இளகியிருந்தால் வாரும்போது மண் சேர்ந்து உப்பு கறுக்கும். தண்ணீரின் உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவில் 3 டிகிரி சொச்சத்தில் இருக்கும் கடல்நீர், பாத்தி மாறி மாறி வெயிலில் வற்றி, 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு படியும். 29, 30 தாண்ட விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும், மூட்டையில் ஈரம் கசியும். அதற்குள் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர்கள் சோம்பேறிகளா?

வெயில் ஏறினால் வெள்ளை உப்பின் கூச்சத்தில் கண் எரியும் என்பதால் விடியுமுன்பே இறங்குகிறார்கள். பாதம் வெடித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், பிறகு சிறுநீர்த் தொற்று. வாரி, வரப்பில் ஏற்றி, வடிந்ததும் தலைச்சுமையாக அம்பாரத்துக்கு, அதாவது பெரிய குவியலுக்கு, கொண்டுபோக வேண்டும். அக்டோபரில் மழை பிடித்தால் வேலையே கிடையாது. இதெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை லாரிக்கும் துறைமுகத்துக்கும் வெளிநாட்டுக்கும் போனால் அதன் பெயர் சோம்பேறித்தனம் இல்லை.

"ஆளே கிடைக்கலன்னா முதலாளி என்ன செய்வார்?" என்பீர்கள். கூலியை உயர்த்தட்டும், நிழல் போடட்டும், கழிப்பறை கட்டட்டும். அதன் பிறகும் ஆள் வரவில்லையென்றால் பேசுவோம்.

வடக்கேயிருந்து வரும் பையன்களைத் திட்டி இங்கே கமெண்ட் போடாதீர்கள். ஊரில் பிழைக்க வழியிருந்தால் அவன் இவ்வளவு தூரம் ஏன் வருகிறான்? 1876இல் ரயில் வந்த பிறகு இதே கரையில் இறங்கி, கப்பலேறி, கொழும்பு வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் நம் ஆட்கள். வயிறுதான் அவர்களையும் அனுப்பியது.

1908இல் கோரல் மில் என்ற நூற்பாலையின் தொழிலாளர்கள் வ.உ.சி.யோடு நின்று கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்ட ஊர் இது. 1974இல் இங்குள்ள துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. அந்த மில் போராட்டம் நடந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் உப்பளத்துப் பெண் ஒரு கழிப்பறைக்காகக் காத்திருக்கிறாள். அவளைப் பார்த்து, அவள் பிள்ளையைப் பார்த்துத்தான் வீடியோவில் பேசும் அந்த மனிதர் சோம்பேறி என்கிறார். அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்ப வேண்டாம்.