படம் இருந்தால் அது புத்தகம் இல்லையா?

அந்தப் பட்டியலின் போட்டோ ரெண்டு நாளாக எல்லோர் பக்கத்திலும் ஓடுகிறது. பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: வாசிப்புப் போட்டிக்கு ஒரு மாணவி தான் படித்த புத்தகங்களை எழுதிக் கொடுத்த பட்டியல் அது, அதில் படக்கதைப் புத்தகங்களின் பெயர்களை மட்டும் போட்டி நடத்தியவர்கள் சிவப்புக் கோடு இழுத்து அடித்துவிட்டார்கள். மாணவியின் பெயரை மறைத்துப் பகிர்ந்த நண்பர்களுக்கு நன்றி. வாசிப்புப் போட்டி நடத்தியவர்கள் பெயரை நானும் எழுதப்போவதில்லை. எனக்கு அவர்கள்மீது தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றித்தான் பேசவேண்டும்.

பெரிதாக்கிப் பாருங்கள். அவசரத்தில் கிறுக்கியது மாதிரி தெரியவில்லை. ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு பெயர் மேலும் நிதானமாக இழுத்திருக்கிறார்கள். ஓரத்தில் "படக்கதை, கணக்கில் வராது" என்று எழுத்து. ஸ்கேல் தேடி எடுக்க நேரம் இருந்தவருக்கு, அதில் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவும் நேரம் இருந்திருக்கும். எடுத்துப் பார்த்தீர்களா ஐயா? நான் கேட்பது இவ்வளவுதான். சுற்றிச் சுற்றி இதையேதான் கேட்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டவை எவை? மாங்கா என்று சொல்லும் ஜப்பானியப் படக்கதைகளில், ஒசாமு டெசுகாவின் 'புத்தா', எட்டு பாகமும். கெய்ஜி நகாசாவாவின் 'பேர்ஃபுட் ஜென்' இரண்டு பாகம். அமெரிக்கரான ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்'. இதே பட்டியலில் கொஞ்சம் கீழே உரைநடையில் ஒரு சின்ன புத்தர் வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அதற்கு டிக் விழுந்திருக்கிறது. டெசுகா 1972இல் தொடங்கி 1983 வரை வரைந்த அதே புத்தர் கதைக்குக் கோடு. சின்னதைப் படித்ததற்கு மதிப்பெண், எட்டு பாகத்தையும் விடாமல் படித்ததற்குப் பூஜ்யம். இந்தக் கணக்கை அந்தப் பிள்ளைக்கு யார் புரியவைப்பது?

'புத்தா' முதல் பாகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? பனி. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. ஒரு கிழவர் நடந்து வந்து விழுகிறார். கரடி, நரி, முயல் மூன்றும் அவரைப் பார்க்கின்றன. கரடி மீன் கொண்டுவருகிறது. நரி பழம் கொண்டுவருகிறது. முயல் தேடித் தேடி வெறுங்கையோடு திரும்புகிறது. தீ மூட்டச் சொல்லிக் கிழவரின் முகத்தைப் பார்க்கிறது. பிறகு தீக்குள் பாய்கிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைதான், நம் ஆட்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் டெசுகா அதைச் சொல்லும்போது பேச்சு அநேகமாக இல்லை. முயல் கிழவரைப் பார்க்கிறதே, அந்தக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல்கடை வெள்ளைதான் இருக்கிறது. முயல் என்ன நினைத்தது என்று அங்கே யாரும் எழுதிவைக்கவில்லை. வாசிக்கிறவர்தான் நினைக்கவேண்டும். எங்கள் புத்தகக் கடைக்கு வரும் ஒரு கல்லூரிப் பையன் அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பாமல் நின்றதை நான் கல்லாவிலிருந்து பார்த்திருக்கிறேன். அவன் செய்ததற்கு வாசிப்பு என்று பேர் இல்லையென்றால் வேறென்ன பேர்?

'பேர்ஃபுட் ஜென்'னுக்கு வருகிறேன். 1945 ஆகஸ்ட் 6 காலை நகாசாவா ஹிரோஷிமாவில் பள்ளிச் சுவரோரம் நின்ற ஆறு வயதுப் பையன். சுவர் மறைத்ததால் உயிர் பிழைத்தவர். அப்பாவும் அக்காவும் தம்பியும் இடிந்த வீட்டுக்கு அடியில் சிக்கித் தீயில் போனார்கள். அன்றைக்கே அம்மாவுக்குப் பிரசவம். அந்தப் பச்சைக் குழந்தையும் பிறகு தங்கவில்லை. பெரியவராகி டோக்கியோவில் படக்கதை வரைந்து பிழைத்தவர், அணுகுண்டைப் பற்றி வாயே திறக்காமல்தான் இருந்தார். 1966இல் அம்மா இறந்து எரியூட்டியபோது எலும்புகூட மிஞ்சவில்லை, சாம்பல்தான். கதிர்வீச்சு அம்மாவின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்ற கோபத்தில்தான் அவர் வரைய உட்கார்ந்தார். 1973இல் அது ஒரு சிறுவர் வார இதழில் தொடராக வந்தது. அதன்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறீர்கள். எடுத்துப் பார்த்திருந்தால் கை வந்திருக்காது.

ஜப்பானிலேயே இதைப் பள்ளியிலிருந்து எடுத்தார்களே என்று ஒரு நண்பர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். எடுத்தார்கள், உண்மை. மட்சுவே நகரத்தில் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் கையில் கிடைக்காதபடி உள்ளே வைக்கச் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பி 2013இல் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 2023இல் ஹிரோஷிமா நகரமே அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து நீக்கியது. 'மௌஸ்' கதையும் இதேதான். யூத இன அழிப்பிலிருந்து தப்பிய தன் தந்தையின் கதையை எலியும் பூனையுமாக வரைந்து 1992இல் புலிட்சர் சிறப்பு விருது வாங்கிய புத்தகம், 2022இல் அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் ஒரு மாவட்டப் பள்ளிகளில் பாடத்திட்டத்தைவிட்டுப் போனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் எல்லாம் பயந்து எடுத்தார்கள். இந்தப் புத்தகம் பிள்ளையை ஏதோ செய்துவிடும் என்று பயந்தார்கள். அதிலாவது அந்தப் புத்தகத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இங்கே இது புத்தகமே இல்லை என்கிறீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"படம் கற்பனையைக் கொன்றுவிடும்." இதைச் சொல்லாத ஆளே இல்லை. நாடகம் பார்ப்பவனுக்குக் கற்பனை செத்துவிடுகிறதா? கோயில் பிராகாரச் சுவரில் ராமாயணத்தை வரிசையாக வரைந்துவைத்தார்களே, அதைப் பார்த்து நடந்த சனத்துக்குக் கற்பனை இல்லாமல் போயிற்றா?

எங்கள் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. தினத்தந்தி வந்ததும் முதலில் அவள் கைக்குத்தான் போகும். கன்னித்தீவு. 1960இல் தொடங்கி இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிற அதே கன்னித்தீவு. அந்தச் சில கட்டங்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சிந்துபாத்துக்கு இன்றைக்கு என்ன ஆச்சு என்று அவளாகவே ஒரு கதை சொல்லுவாள். அதற்கப்புறம் நான் எழுத்தைப் படித்துக் காட்டவேண்டும். ஒருநாள் "ஏட்டி, நேத்து வாளு வலது இடுப்புல கிடந்துச்சு, இன்னைக்கு இடதுல போட்டிருக்கான் பாரு" என்றாள். நான் பழைய பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஆச்சி சொன்னது சரி. எழுத்து தெரிந்த நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவளை வாசகி இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது. வேறு யார் சொன்னாலும் எனக்கு வலிக்கும்.

மாங்காவில் வன்முறை, ஆபாசம் என்கிறீர்கள். இருக்கிறது. எல்லா வயதினருக்கும் தனித்தனியாக வரைகிற நாடு அது, பெரியவர்களுக்கானதும் இருக்கும். அட்டைக்குப் பின்னால் வயது போட்டிருக்கும், நான் பார்த்துத்தான் கொடுக்கிறேன். நாவலிலும் எல்லாம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை.

"முதலில் தமிழ் இலக்கியம் படிக்கட்டும்." பட்டியலை முழுசாகப் பாருங்கள், படித்திருக்கிறாள்.

அப்புறம் உள்பெட்டியில் வந்தது. "அக்கா, நீங்க புத்தகக் கடை வச்சிருக்கீங்க, அதான் பேசுறீங்க." சரி, வியாபாரத்தையே பேசுவோம். எங்கள் கடை வாடகையைக் கட்டுவது போட்டித் தேர்வுக் கைடுகள்தான். மாங்காவில் சின்னக் கடைக்குக் கிடைக்கும் கழிவு, அதாவது கமிஷன், குறைவு. விற்காததைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். தொடரில் நடுவில் ஒரு பாகம் வராமல் போனால் அதற்கு அப்புறம் உள்ள அத்தனை பாகமும் அலமாரியிலேயே உட்கார்ந்துவிடும், ஏழு இல்லாமல் எட்டை யார் வாங்குவார்? இதற்கு மேல் திருட்டுப் பதிப்பு. முழு செட்டையும் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். ஒருமுறை ஒரு பையன் அப்படி வாங்கியதைக் கொண்டுவந்து காட்டினான். மாங்காவில் மழைமேகத்தின் சாம்பல் நிறம் உண்மையில் சாம்பல் இல்லை, பொடிப்பொடியான கறுப்புப் புள்ளிகள். ஸ்கேன் எடுத்து அடித்ததில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு வானம் முழுக்கத் தாராக இருந்தது. தையல் ஓரத்தில் பேச்சுக் குமிழியில் பாதி எழுத்தைக் காணோம். அவனுக்கு அது தெரியவில்லை. அசலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், முகம் விழுந்துவிட்டது. நூறு ரூபாய் நூறு ரூபாயாகச் சேர்த்து வாங்கியிருக்கிறான். நான் லாபத்துக்காக இதை விற்கிறேன் என்று சொல்பவர்கள் ஒரு மாதம் என் கல்லாவில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

ஜப்பானில் இந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்று கொஞ்சமாவது தெரிந்துகொண்டு பேசுங்கள். போருக்குப் பிறகு காசில்லாத சனம் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தது. அந்த நூலகங்களுக்காக வரைந்த இளைஞர்களில் ஒருவரான யோஷிஹிரோ தட்சுமி, சிறுவர் கதையிலிருந்து பிரித்துக் காட்டத் தன் பெரியவர்களுக்கான கதைகளுக்கு 1957இல் 'கெகிகா' என்று பெயர் வைத்தார். 1968இல் 'ஷோனென் ஜம்ப்' வந்தது. டெலிபோன் டைரக்டரி கனத்தில், மட்டமான தாளில், மலிவான இதழ். உள்ளே ஒரு அஞ்சலட்டை. எந்தத் தொடர் பிடித்தது என்று பிள்ளைகள் எழுதி அனுப்புவார்கள், பிடிக்காத தொடர் நின்றுவிடும். இதழ் பழைய பேப்பருக்குப் போகும், பிடித்த தொடர் தனிப் புத்தகமாகி வீட்டு அலமாரிக்கு வரும். 1995 தொடக்கத்தில் ஒரு இதழ் 65 லட்சம் பிரதி போனது. அதற்கப்புறம் இறங்குமுகம், முடிந்தது கதை என்றார்கள். முடியவில்லை. 2020இல் அச்சும் மின்னூலும் சேர்ந்த மாங்கா விற்பனை 61,000 கோடி யென்னைத் தாண்டி 1995இன் உச்சத்தையே மிஞ்சியது, பாதிக்கு மேல் மின்வடிவத்தில். பத்து வயதில் படித்தவனை முப்பது வயதில் "இன்னுமா படம் பார்க்கிறாய்" என்று விரட்டாமல், முப்பது வயதுக்காரனுக்கான கதையை வரைந்தார்கள். அதனால்தான் அங்கே சமையலுக்கும் மருத்துவத்துக்கும் அலுவலக வாழ்க்கைக்கும் முதுமைக்கும் மாங்கா இருக்கிறது.

நம்மிடம் இல்லாமலா இருந்தது? சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோடு. 1984இல் லயன், அதே ஆண்டில் ராணி காமிக்ஸ். இத்தாலியப் படக்கதை நாயகன் டெக்ஸ் வில்லர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா மாதிரி ஆகிவிட்டார். லயனும் முத்துவும் இன்றைக்கும் சந்தாக் கட்டுகிற வாசகர்களின் பாசத்தில் வந்துகொண்டிருக்கின்றன. அந்த உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. நம் ஊர்க் கதையை நம் ஆள் வரைந்தது எவ்வளவு? வாரப் பத்திரிகைக் கதைக்கு ஒற்றைப் படம் வரைந்து ஆயுளைக் கழித்த எத்தனை கைகள், இருநூறு பக்கம் வரையத் தெம்பிருந்தும் கேட்க ஆளில்லாமல் போயின? "படக்கதையா, அது பிள்ளைகளுக்கு" என்ற ஒரே வார்த்தையில் அவர்களை முடித்துவிட்டோம். அன்றைக்கும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இப்போது என் கடைக்கு வருகிற பிள்ளைகள் வாங்க மட்டும் வரவில்லை, வரைகிறார்கள். போன மாதம் ஒரு பொறியியல் மாணவி ரெக்கார்டு நோட்டின் பின்பக்கங்களில் வரைந்ததைத் தயங்கித் தயங்கிக் காட்டினாள். வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப், மழை, ஒரு குடைக்குக் கீழே பேசிக்கொள்ளாத அம்மாவும் மகளும். கண்கள் மாங்கா பாணி, ஆனால் அம்மாவின் தோளில் கிடந்த சேலைத் தலைப்பை அவள் இழுத்திருந்த விதம் அச்சு அசல் எங்கள் ஊர். ஆறு பக்கம், ஒரு வசனம் இல்லை. "வீட்டுல தெரியுமா?" என்றேன். "தெரிஞ்சா திட்டுவாங்க அக்கா, இதெல்லாம் ஒரு படிப்பான்னு கேப்பாங்க" என்றாள். உங்கள் சிவப்புக் கோடு இவள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். போட்டியில் தோற்றவள் ஒருத்தி, நோட்டை மூடி வைத்தவர்கள் எத்தனை பேரோ! கோபத்தைவிட இதுதான் எனக்கு அதிக வேதனை.

கடையில் வாசலைப் பார்த்த அலமாரியின் நடுத் தட்டைக் காலி செய்திருக்கிறேன். தமிழில் படக்கதை வரைகிற யாராக இருந்தாலும், ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்ததாக இருந்தாலும், கொண்டுவந்து கொடுங்கள். விலையை நீங்களே போடுங்கள், எனக்குக் கழிவு வேண்டாம். வெளியூரில் இருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், முகவரி அனுப்புகிறேன்.