அந்தக் கிராமத்தில் சண்டையே நடக்கவில்லை

தக்கலை டீக்கடையில் பழைய பட்டாளக்காரர் ஒருவர் போனை நீட்டினார்: "பாரு தம்பி, அப்படியே நடந்தது." 'லோன் சர்வைவர்' (2013) படத்தின் இறுதிக் காட்சி, ஆப்கான் கிராமத்தார் துப்பாக்கியோடு தாலிபானை எதிர்க்கிறார்கள். நம்ம வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே குறிப்போடு சுற்றுகிறது.

தவறு. 2005 ஜூன் 28இல் ஆப்கானிஸ்தானின் குனார் மலையில் அமெரிக்கக் கடற்படைச் சிறப்பு வீரர் நால்வரில் மூவர் இறந்தது உண்மை. உதவிக்கு வந்த ஹெலிகாப்டர் வீழ்ந்து 16 பேர் மாண்டதும் உண்மை. கிராமத்துச் சண்டை மட்டும் கற்பனை. நால்வரில் பிழைத்த மார்கஸ் லட்ரெலுக்கு அந்தக் கிராமத்துக்காரர் முகமது குலாப் அடைக்கலம் தந்தார். அடைக்கலம் தேடி வந்தவனைக் கைவிடாதது அங்குள்ள பஷ்தூன் இனத்தாரின் மரபு. அந்த அமைதியான துணிச்சலைப் படம் வெடிச்சத்தத்தில் மூழ்கடித்ததுதான் எனக்கு ஆறவில்லை. பின்னாளில் மிரட்டலால் குலாப் நாட்டையே விட்டுப் போனார்.