ஓக் ட்ரீ ரோட்டில் போரா? ஆமாம், போர்தான்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். பிள்ளைகளை எடிசன் ஊரின் ஓக் ட்ரீ ரோட்டுக் குளத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றேன், அதில் கிளம்பிய வாட்ஸ்அப் விவகாரம் இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எனக்கே மூன்று பேர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டார்கள். "பாஸ்டன் டீ பார்ட்டி பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் பிள்ளைகளைக் குளம் பார்க்கக் கூட்டிப் போகிறாராம் டீச்சர்" என்று எழுதிய புண்ணியவானுக்குத்தான் இந்தப் பதிவு. (ஆங்கிலேய வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டினார்களே, அதுதான் டீ பார்ட்டி.) இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், முடியவில்லை.

அது வெறும் குளம் இல்லைங்க. எடிசனில் கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் வாரம் தவறாமல் போகிறோமே, அதே ஓக் ட்ரீ ரோட்டு ஓரத்தில் அமெரிக்க விடுதலைப் போரில், 1777 ஜூன் 26 அன்று சண்டை நடந்தது. வாஷிங்டன் படை மலைப்பக்கம் திரும்பிவிடாமல் மறிக்க ஆங்கிலேயத் தளபதிகள் ஹோவும் கார்ன்வாலிஸும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களோடு இந்த வழியாகத்தான் வந்தார்கள். வாஷிங்டனின் தளபதி ஸ்டிர்லிங்கின் சின்னப் படை அடி வாங்கிக்கொண்டே பின்வாங்கியது. அந்த இழுபறியில் கிடைத்த நேரத்தில் வாஷிங்டன் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். சில நாட்களில் ஹோ நியூ ஜெர்சியை விட்டே கிளம்பிவிட்டார். இதைக் குளக்கரையில் நின்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மறக்குமா? முதலில் காலடி மண்ணைக் காட்டுவோம், பாஸ்டன் எங்கேயும் ஓடிவிடாது.

உள்ளூர் வரலாறு பரீட்சைக்கு வராதே என்கிறீர்கள். வராது, சரி. ஆனால் "அடிமை முறை தெற்கு மாநிலங்களில்தானே மிஸ்?" என்று வருஷா வருஷம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல? நியூ ஜெர்சி 1804இல் கொண்டுவந்த சட்டப்படி, அந்த ஜூலை 4க்குப் பிறகு பிறந்த குழந்தைகள் பெயருக்குத்தான் சுதந்திரம் பெற்றவர்கள். பெண் 21 வயது வரை, ஆண் 25 வயது வரை, தாயின் எஜமானனுக்கு உழைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பிறப்பையும் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டின் பக்கங்களைப் போன வருஷம் வகுப்பில் கொடுத்தேன். ஒரு பெண், தான் தினமும் பஸ்ஸில் கடக்கிற ஊரின் பெயரை அதில் பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. 1860 மக்கள்தொகைக் கணக்கில்கூட இந்த மாநிலத்தில் 18 அடிமைகள் இருந்தார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலையை எத்தனை முறை நடத்தினாலும் இது தெரியவராது.

"சின்னப் பிள்ளைகளிடம் இந்தச் சோகமெல்லாம் எதற்கு" என்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. உள்ளூர் வரலாறு என்று ஆரம்பித்தால் வெறும் ஊர்ப்பெருமையாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார், அது நியாயம். ஆனால் அதற்காகத்தானே அந்தப் பதிவேட்டையும் காட்டுகிறேன்!

நான் வேலூர்க்காரி. கோட்டை அகழியைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். 1806 ஜூலை 10 என்று ஒப்பித்து முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். சிப்பாய்கள் எழுந்தது அந்த மதிலுக்கு உள்ளேதான் என்று ஒருவர்கூடக் கை நீட்டிக் காட்டவில்லை. திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே, 1792இல், திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கிக்கொண்டவர் யார்? அதே கார்ன்வாலிஸ்! ஓக் ட்ரீ ரோட்டுப் பக்கம் படை நடத்தி, 1781இல் யார்க்டவுனில் தோற்று, அப்புறம் நம்ம ஊருக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தவர். இங்கே அந்தப் பெயரைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கேயோ இருந்த இரண்டு ஊர்களும் ஒரே ஆளின் வழியில் வந்து நிற்கின்றன. இதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

அதனால்தான் அந்தக் கடைசி மெசேஜ் வலிக்கிறது. "வெளியூரிலிருந்து வந்தவங்க இந்த ஊர் சரித்திரம் சொல்லித் தரணுமா" என்று கேட்டவர் வெள்ளைக்காரர் இல்லை. தமிழில்தான் எழுதியிருந்தார். போன பொங்கலுக்கு என் வீட்டில் சாப்பிட்டவர். ஐயா, நீங்கள் மட்டும் அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடியேறிகளோடு மேஃப்ளவர் கப்பலிலா வந்து இறங்கினீர்கள்? இந்த ஊர் எனக்கு உரிமையில்லை என்றால் இங்கேயே பிறந்த என் பிள்ளைக்கும் இல்லையா, உங்கள் பிள்ளைக்கும் இல்லையா?

பள்ளி அந்தப் பயணத்தை "தள்ளி" வைத்திருக்கிறது. தள்ளட்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் என் மகனோடு அந்தக் குளக்கரையில் இருப்பேன். வருகிறவர்கள் வாருங்கள். பார்க்கிங் எங்கே என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.