டோக்கன் பத்தலைன்னா அதுதான்யா பாடம்

பிள்ளைக கையில டோக்கன் கொடுத்து, அதுக்குப் பொருள் வாங்க விட்ட அந்தப் பள்ளிச் சந்தை வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துட்டேன். யூகேஜி பிள்ளைக கை நிறையப் பொருளோட சிரிக்குது, கீழே "பொருளாதாரம் கற்கும் எங்கள் செல்லங்கள்"னு எழுத்து. டோக்கன் தீர்ந்ததும் கவுன்ட்டர்ல போய் இன்னும் டோக்கன் அள்ளிட்டு வந்தா என்னத்தக் கத்துக்கும்? காசு பத்தாமப் போகணும். அப்பத்தான் எது வேணும்னு பிள்ளை யோசிக்கும்.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 5 வயசுக்கு 10 டோக்கன், 4 பொருள் போதும். தேன்மிட்டாய் 2, பலூன் 4, பம்பரம் 6, சின்னக் கப் ஜிகர்தண்டா 8. மொத்தம் 20, கையில பாதி. ஜிகர்தண்டாவும் பம்பரமும் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காது. எண் தெரியாத பிள்ளைக்கு விலையைப் புள்ளியா வரைஞ்சு வைங்க, புள்ளிக்கு ஒரு டோக்கனா வச்சுப் பார்த்துக்கும். முதல் சுத்து பார்க்க மட்டும்தான். இல்லேன்னா வாசல் கடையிலயே பை காலி. கடைசியா ஒரே கேள்வி: "இது இல்லேன்னா எதை எடுத்திருப்ப?" விட்டுட்டு வந்த அந்த ஒண்ணுதான் வாங்குனதோட உண்மையான விலை. நடுவுல டீச்சர் "பம்பரம் எடுத்துக்கடா"ன்னா, அது டீச்சர் வாங்குனது.

(இருக்கிற பம்பரமே ஆறுதான், கேக்குற பிள்ளை 20 பேருன்னா யாருக்குக் கொடுக்கிறது, வரிசையா, சீட்டுக் குலுக்கலா, விலையேத்தமா? அது மூணாங்கிளாஸுக்கு. மார்கழிப் பனியில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல மல்லி விலை எப்படி ஏறுதுன்னு காட்டினாலே பிடிச்சுக்கும்.)

"குழந்தை அழுதுச்சே, மனசு கேக்குமா?" அழட்டுமே! தமுக்கம் பொருட்காட்சியில ராட்டினமா டெல்லி அப்பளமான்னு அழாத பிள்ளை மதுரையில உண்டா?

"சின்னப் பிள்ளைகிட்ட என்ன கறார்"னு ஒரு அறிவாளி. ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு 2013-ல வந்துச்சு. நல்ல கிரேயான் தர்றேன்னு சொல்லி ஏமாத்தப்பட்ட பிள்ளைக, அடுத்து "முன்னாடி இருக்கிற மிட்டாயைத் தின்னாமக் காத்திருந்தா இன்னொண்ணு"ன்னு சொன்னப்ப, காத்திருந்தது சராசரி 3 நிமிஷம். சொன்னபடி கிரேயான் கிடைச்ச பிள்ளைக 12 நிமிஷம். பெரியவங்க சொன்ன சொல்லைக் காப்பாத்துனாத்தான் பிள்ளை நம்பிக் காத்திருக்கும். 10-தான்னு சொல்லிட்டு 11-வதை நீட்டுறவங்க கறாரைப் பத்திப் பேசாதீங்க.

"இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இல்லாமையை நீங்க வேற சொல்லித் தரணுமா?" இது நியாயமான கேள்வி. அதனாலதான்யா எல்லாருக்கும் ஒரே 10-ன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன்! அந்தச் சந்தைக் கவுன்ட்டர்ல கூடுதல் டோக்கன் ஓசியில தரல. அப்பா அம்மா காசு கொடுத்து வாங்குனாங்க. லீவு கிடைக்காம எந்த அப்பா அம்மா வரலையோ, அந்தப் பிள்ளை 10-ஓட நின்னுச்சு. மத்தது ரெண்டாவது ஜிகர்தண்டா குடிக்குது. இது அதுக்கு என்ன பாடம், சொல்லுங்க பார்ப்போம்? எதை வாங்கலாம்ங்கிற யோசனையா, யார் வீட்டுல எவ்வளவு இருக்குங்கிற கணக்கா?

இதைக் கேட்டதுக்குத்தான் எனக்கு "கஞ்சப் பிசினாறி"ன்னு பட்டம். சரி, இருந்துட்டுப் போறேன். அடுத்த வருஷம் அந்தக் கவுன்ட்டரை மூடச் சொல்லி பெற்றோர் கூட்டத்துல ஒருத்தராவது எந்திரிச்சுக் கேப்பீங்களா? மாட்டீங்க. வீடியோவுக்கு ஹார்ட் போட்டவங்கதானே எல்லாரும்.